நிப்பாட்டாதலே முனீசு

திட்டித் துரத்தியிருந்தா எனக்கு இவ்வளவு எரிஞ்சிருக்காது. "வாங்ணா, உக்காருங்ணா, சாப்ட்டீங்ளாண்ணா"ன்னு தேன் தடவித் தடவிக் கழுத்தறுத்தாம் பாருங்க நித்தீஷு, அதத்தான் இன்னும் முழுங்க முடியல. எங்கூரு சாத்தான்குளம் பக்கம். அங்க ஒருத்தன் நம்மளக் கவுக்கப் போறான்னா முந்தின நாளே மூஞ்சில தெரிஞ்சிரும், பேச்சுல சூடு ஏறிரும். இந்தத் திருப்பூருல ஒரு எளவும் தெரியாது. கடைசி வரைக்கும் மரியாதையாத்தான் பேசுவாங்க.

என் பேரு ஜெபக்குமாரு. பனியன் கம்பெனில சாம்பிள் டெய்லர். வெளிநாட்டுக்காரன் ஒரு படத்த அனுப்புவான். அதப் பாத்து மொத பீஸ நாந்தான் தைக்கணும். ஓவர்லாக்கு, பேட்லாக்கு, சிங்கருன்னு எல்லா மிஷின்லயும் ஒத்த ஆளா மாறி மாறி உக்காந்து முடிப்பேன். அது கூரியர்ல போயி, அவன் பாத்து, சரின்னு சீல் குத்தித் திருப்பி அனுப்பிட்டா அதுதான் அப்ரூவ்டு சாம்பிள். பொறவு மொத்த ஆர்டரயும் தைக்கப் போற லைன் டெய்லர் ஒருத்தனப் பக்கத்துல உக்கார வச்சு, எங்க மடிக்கணும், எங்க இழுத்துப் பிடிக்கணும்னு சொல்லிக் குடுப்பேன். அதோட என் சோலி முடிஞ்சிது. அந்தச் சட்டைய அதுக்கப்புறம் நான் கண்ணால பாக்க மாட்டேன். அது எவன் மேல ஏறுதோ, எந்த ஊருல காயுதோ, யாருக்குத் தெரியும்.

இதுல ஒரு கூத்து உண்டு. அப்ரூவ் ஆன பீஸ்ல தப்பு இருந்தா அந்தத் தப்பயும் சேத்துத்தான் தைக்கணும். ஒரு தடவ கழுத்துப்பட்டி தச்சிக்கிட்டிருக்கும்போது கரண்டு போயிட்டு. வந்தப்பொறவு தச்சதுல தையலு லேசாக் கோணிட்டு. அவசரத்துல அப்படியே அனுப்பிட்டாங்க. வெள்ளக்காரன் என்னத்தக் கண்டானோ, கழுத்து ரொம்ப அழகா இருக்குன்னுட்டான். நேராத் தச்சிரட்டுமான்னு எங்க மொதலாளி பொங்கியண்ணன்கிட்ட கேட்டேன். மனுசன் சிரிக்கக்கூட இல்ல. "அப்ரூவல் ஆனா ஆனதுதான் கண்ணு. கோணலாவே போடச் சொல்லிப்போடு"ன்னாரு. ஆர்டர் மொத்தமும் கோணக் கழுத்தோடதான் கப்பலேறுச்சு.

அந்தப் பொங்கியண்ணனோட மகன்தான் நித்தீஷு. கோயமுத்தூருல இஞ்சினியரிங் முடிச்சிட்டு வந்து கம்பெனில சும்மா சுத்திக்கிட்டிருந்தான். ஒரு ஆயுத பூஜைக்கு மிஷினுக்கெல்லாம் மாலை போட்டு, பொரிகடல குடுத்து முடிச்சப்பொறவு ஆளாளுக்கு ஏதாவது செய்யுங்கன்னாங்க. நான் சர்ச்சுல வாசிக்கிற கிடாரக் கொண்டாந்திருந்தேன். முனீசு பேக்கிங் செக்சன்ல இருந்து அட்டப்பெட்டி ரெண்ட இழுத்துப் போட்டுக் கொட்ட ஆரம்பிச்சான்.

முனீசு யாருன்னு சொல்லிரணும். கமுதி பக்கத்து ஆளு. அனுப்பர்பாளையத்துல ஒரே ரூம்ல கெடந்தோம். ஒரே சட்டியில ஆக்கித் திம்போம். அவனுக்குக் காய்ச்சல்னா கஞ்சி வைக்கிறது நானு, எனக்கு வெரல்ல ஊசி ஏறினப்ப டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுனது அவன். அவன் தங்கச்சி சின்னத்தாயி போன்ல என்னத்தான் மொதல்ல கேப்பா, "ஜெபா அண்ணன் நல்லாருக்காங்களா"ன்னு. எங்கூட இருந்து இருந்து அவன் வாயிலயும் எங்கூரு "லே" ஒட்டிக்கிட்டு.

நாங்க வாசிச்சத நித்தீஷு தூண்ல சாஞ்சு நின்னு கேட்டான். மறுநாள் சாம்பிள் ரூமுக்கு வந்து, "ஜெபாண்ணா, இதக் கொஞ்சம் கேளுங்ணா"ன்னு ஹெட்போன என் காதுல மாட்டினான். பாட்டே இல்ல. ஒருத்தனும் வாயத் தொறக்கல. கிடாரு ஒண்ணு பைய ஆரம்பிச்சு, ஒண்ணையே திருப்பித் திருப்பிச் சொல்லி, பக்கத்துல இன்னொண்ணு சேந்து, டிரம்மு சேந்து, ஏறி ஏறி ஏறி, கடைசில கூரையே பிச்சிக்கிட்டுப் போற மாதிரி ஒரு சத்தம். துணி பின்னுற நிட்டிங் ஹால்ல காலையில மிஷின ஒவ்வொண்ணா ஓட்டிவிடும்போது இப்படித்தான் இருக்கும். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு, நெசமா. "இதுக்குப் பேரு போஸ்ட் ராக்குங்ணா. நாம ஒண்ணு ஆரம்பிக்கலாமுங்ளா?"ன்னான். எந்த மொதலாளி மகன் ஒரு டெய்லர்கிட்ட வந்து இப்படிக் கேப்பான்? நான் அப்பவே விழுந்துட்டேன்.

ஞாயித்துக்கெழமையானா கம்பெனி லீவு. துணி கோடவுன்லதான் எங்க பிராக்டிஸு. சுத்தியும் கூரை வரைக்கும் துணி ரோலு அடுக்கியிருக்கும். எவ்வளவு போட்டு வெளுத்தாலும் சத்தம் அதுலயே அடங்கிரும், ரோட்டுல போறவனுக்குக் கேக்காது. நித்தீஷு டிரம் செட்டு எறக்குனான், அவன் பேஸ் கிடாரு எடுத்துக்கிட்டான். அவன் மாமன் மக யாழினி கீபோர்டு. நல்ல பிள்ள. எங்களயெல்லாம் "வாங்கண்ணா"ன்னுதான் கூப்பிடும், நம்ம டிபன் பாக்ஸ்ல இருந்து கருவாட்ட எடுத்துத் திங்கும். குழுவுக்குப் பேரு வச்சது முனீசு. ரெண்டு பக்கமும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னிக் கெடக்கிற துணி ஒண்ணு உண்டு, இண்டர்லாக்குன்னு. "அத உருவிப் பிரிக்கவே முடியாதுலே, அதயே வைப்போம்"னான். எல்லாருக்கும் பிடிச்சிப்போச்சு.

எங்க சர்ச்சு ஹால்ல மொத தடவ வாசிச்சப்ப பாதி பேரு பொறுமையா உக்காந்திருந்தாங்க. முடிஞ்சதும் பாஸ்டர் வந்து என் கையப் பிடிச்சு, "மியூசிக்கெல்லாம் நல்லாருந்திச்சி தம்பி. பாடறவருக்கு ஏதும் தொண்ட கட்டிட்டா?"ன்னு கேட்டாரு. முனீசு ஒரு வாரம் அதச் சொல்லிச் சொல்லியே சிரிச்சான்.

நாங்க வாசிச்சதுல ஒண்ணு நான் கட்டுனது. பேரெல்லாம் வைக்கல, "பெருசு"ன்னுதான் சொல்லுவோம், அவ்வளவு நீளம். மதியச் சாப்பாட்டு நேரத்துல, பஸ்ஸுல, படுக்கயில, எந்நேரமும் அதேதான் என் மண்டைக்குள்ள ஓடும். ஒவ்வொரு எடமா நானே வெட்டி, நானே சேத்து, நானே பிரிச்சு, மறுபடி சேத்தது. ஊருபட்ட சட்ட தச்சிருக்கேன், எல்லாம் எவன் எவனுக்கோ போயிட்டு. இது ஒண்ணையாவது நானே கட்டி, நானே மேடையில நின்னு, நானே வாசிச்சு முடிக்கணும். இத முனீசுகிட்ட மட்டுந்தான் சொல்லிருந்தேன். "நீ வாசிக்காம வேற எவன்லே வாசிப்பான்"னான் அவன்.

மொதல்ல யாழினி போச்சு. சென்னையில காலேஜு சேத்துட்டாங்க. கடைசி ஞாயித்துக்கெழம அழுதுக்கிட்டே போச்சு. இன்னொரு ஆளு தேடுவோம்னு நான் சொன்னேன். "எதுக்குங்ணா, அவ வாசிச்சது எல்லாமே லேப்டாப்ல இருக்குதுங்"ன்னுட்டான் நித்தீஷு. அடுத்த வாரத்துல இருந்து அவ உக்காந்திருந்த எடத்துல லேப்டாப்பு உக்காந்திருந்துச்சு. நேரத்துக்குச் சரியா வாசிச்சிது. கருவாடுதான் கேக்கல.

பொறவு ஒரு நாள், பெங்களூருல இந்த மாதிரி ஆளுகளுக்கு ஆல்பம் போட்டு, கச்சேரியும் வச்சுக் குடுக்கிற கம்பெனி இருக்கு, அவங்களுக்கு ஒரு சாம்பிள் அனுப்போணும்னான் நித்தீஷு. ரேக்குல இருந்து எலாஸ்டிக் கட்டி மைக்கத் தொங்கவிட்டோம். லேப்டாப்ல ரெக்கார்டு. பெருசத்தான் வாசிச்சோம். பைய ஆரம்பிச்சு, நடுவுல ஏறி, உச்சிக்குப் போற நேரத்துல பொசுக்குன்னு கரண்டு போயிட்டு.

அந்த வருசம் கரண்டு அப்படித்தான், எப்பப் போகும்னு சாமிக்கே தெரியாது. கிடாரு செத்துப்போச்சு, பேஸு செத்துப்போச்சு. சன்னல் இல்லாத கோடவுனு, கண்ணுக்கு முன்னால கையே தெரியல. முனீசு மட்டும் கை ஓட்டத்துல கொட்டிக்கிட்டிருந்தவன் தயங்குனான். இப்ப விட்டா இந்த மாதிரி இன்னொருக்கா வராதுன்னு எனக்குப் பட்டுச்சு. "நிப்பாட்டாதலே முனீசு!"ன்னு அடிவயித்துல இருந்து கத்துனேன். அவன் என்ன நம்பி அந்த இருட்டுல ஒத்தையாக் கொட்டுனான். வெளிய யாரோ ஜெனரேட்டர ஓட்டிவிட்டாங்க. அது டுகுடுகுன்னு திணறிப் பிடிக்கவும், லைட்டு வரவும், என் கிடாரு உறுமிக்கிட்டு எந்திரிக்கவும் சரியா இருந்துச்சு. சரியா உச்சியில போயிச் சேந்தோம். முடிச்சதும் நானும் அவனும் கட்டிப்பிடிச்சிக்கிட்டு நின்னோம். லேப்டாப்பு பேட்டரியில ஓடிக்கிட்டிருந்ததால எல்லாமே பதிவாயிருந்துச்சு, என் கத்தலும் சேத்து.

நித்தீஷு அதயே அனுப்பிட்டான். பெங்களூர்க்காரங்களுக்குத் தல கால் புரியல. அந்த இருட்டு, அந்த ஒத்த டிரம்மு, அந்தக் கத்தல், அதுதான் உயிரே, அதுல ஒரு துளி மாத்தக்கூடாதுன்னாங்களாம். "அப்ரூவல் ஆயிருச்சுங்ணா!"ன்னு என் கையக் குலுக்கினான். கம்பெனி முழுக்க நான் டீ வாங்கிக் குடுத்தேன்.

அடுத்த ஞாயிறு புதுசா ஒருத்தன் வந்தான். நித்தீஷோட காலேஜு சேக்காளி. பேரு ஆத்தப்பன், தாத்தா பேர வச்சிருக்காங்க. அவன் பாதிய வெட்டிட்டு "ஆத்"துன்னு சொல்லிக்கிட்டான். முடியெல்லாம் தோள்ல தொங்கும், இங்கிலீஷு கொட்டும். "ரெண்டாவது கிடாரு இருந்தா சத்தம் நெறவா இருக்குமுங்ணா. பெருசக் கொஞ்சம் சொல்லிக் குடுங்ணா"ன்னான் நித்தீஷு.

அப்ரூவல் ஆச்சு, பொறவு ஒருத்தனப் பக்கத்துல உக்கார வச்சுச் சொல்லிக் குடுக்கச் சொல்றாங்க. எனக்கு அங்கனயே பொறி தட்டியிருக்கணும்லா? தட்டல. வருசக்கணக்கா அதத்தான செய்யிறேன். மனசு ஏன் எதுக்குன்னு கேக்குமுன்ன கை சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சிட்டு. அவனும் சும்மா சொல்லக்கூடாது, நல்ல கிரகிப்பு. ஒரு எடத்துல நான் சுண்டுவெரலால கம்பிய வளைப்பேன். "இத மோதிர வெரல்ல பண்ணாத்தான ஈசிங்?"ன்னு கேட்டான். "அந்த வெரல்ல ஊசி ஏறி நகம் கோணிட்டு, அதான் எனக்கு வராது. நீ நல்ல வெரல்லயே பண்ணு"ன்னேன். அவன் நித்தீஷப் பாத்தான். நித்தீஷு, "வேண்டாம், அண்ணன் பண்ற மாதிரியே பண்ணு"ன்னான். எனக்குப் பெருமயா இருந்துச்சு. வெளங்காத மூதி நானு.

மேடைக்குன்னு கறுப்பு இண்டர்லாக்குல ஆளுக்கொரு சட்ட தச்சேன். எனக்கு, முனீசுக்கு, நித்தீஷுக்கு, அந்த ஆத்துக்கும் சேத்து. தச்சதுலயே அதுக்குத்தான் உசுரக் குடுத்தேன். பேரு பிரிண்ட் அடிக்கணும்னு நித்தீஷு எல்லாத்தயும் வாங்கி வச்சிக்கிட்டான். கோயமுத்தூருல மொதக் கச்சேரி, தேதி இன்னும் முடிவாகலன்னான்.

ஒரு சனிக்கெழம முனீசு பையில துணி எடுத்து வச்சான். ஊருல கோயில் பொங்கலாம், பெரியாத்தா கூப்பிடுதாம். பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போயி நாந்தான் பஸ் ஏத்திவிட்டேன். தின்னுக்கிட்டே போலேன்னு பழம் வாங்கிக் குடுத்தேன். சன்னல்ல இருந்து என் மூஞ்சியவே பாக்கல அவன். காச்சலா இருக்குமோன்னு நெனச்சேன்.

மறுநாள் மத்தியானம் யாழினி போன் போட்டுச்சு. "ஏனுங்கண்ணா, இன்னும் கோயமுத்தூர் வரலீங்களா? நான் இதுக்குன்னே சென்னைல இருந்து வந்துட்டனுங். ஸ்டேஜுல எல்லாரும் சவுண்டு பாக்கறாங்க, உங்களக் காணோமே"ன்னுச்சு. "எல்லாரும்னா யாரு யாரு?"ன்னேன். "அத்தான், ஆத், முனீஸ் அண்ணா"ன்னுச்சு. முனீசுங்கிற பேரக் கேட்டதுக்கு அப்புறம் அது பேசினது எதுவும் என் காதுல ஏறல.

திரும்பக் கூப்பிட்டு எடம் எங்கன்னு மட்டும் கேட்டு, போட்ட கைலிய மாத்தி, பஸ்ஸப் பிடிச்சுப் போயிச் சேரும்போது சாயங்காலம். ஹால் வாசல்ல பெரிய போஸ்டரு. மூணு பேரு மூஞ்சி. நித்தீஷு அங்கனயே நின்னு வாறவங்களுக்குக் கை குடுத்துக்கிட்டிருந்தான். என்னக் கண்டதும் ஓடியாந்தான். பயந்து ஓடியாரல, சந்தோசமா ஓடியாந்தான்.

"அட, ஜெபாண்ணா! சொல்லியிருந்தா காரே அனுப்பியிருப்பேனுங்ளே!"

"நான் பாக்கவாலே வந்தேன்? நான் வாசிக்கணும்லா?" மொத தடவையா மொதலாளி மகன லேன்னுட்டேன்.

அவன் கோவிக்கல. என் தோள்ல கை போட்டான். "அண்ணா, பெங்களூர்க்காரங்க பேட்டி எடுப்பாங்க, இங்கிலீஷ்ல பேசோணும், ஊரு ஊராப் போகோணும். அதுக்கெல்லாம் ஆத் இருக்கறானுங். நீங்க சாம்பிள் போட்டுக் குடுத்துட்டீங்க, உங்கள அடிச்சுக்க ஆளில்லீங்ணா. புரொடக்சன்ல வந்து நீங்க எதுக்குங்ணா கஷ்டப்படோணும்?"

அவன் நக்கலாச் சொல்லல, கேட்டுக்கோங்க. நெசமாவே என்னப் பாராட்டுறதாத்தான் நெனச்சிருக்கான். "அண்ணனுக்கு முன்னாடி சீட்டு போடுங்க"ன்னு ஒரு பையன்கிட்ட சொன்னான். தண்ணி பாட்டிலு வேற வந்துச்சு. யாழினி எட்டத்துல நின்னு பாத்துட்டு, வாயப் பொத்திக்கிட்டு நின்னுச்சு. அதுக்கும் அப்பத்தான் புரிஞ்சிருக்கு.

திரை தொறந்துச்சு. முனீசு டிரம்முக்குப் பின்னால, நான் தச்ச சட்டையில. முன்னால ஆத்தப்பன், என் சட்டையில. அவனுக்குன்னு தனியாத் தச்சிருந்தும் என் அளவுக்குத் தச்சதத்தான் மாட்டியிருக்கான், தோளு தொங்குது. பெருச ஆரம்பிச்சாங்க. நல்லாத்தான் வாசிச்சான். வாசிக்காம என்ன, சொல்லிக் குடுத்தது யாரு? அந்த எடம் வந்துச்சு. நல்லா இருக்கிற மோதிர வெரல மடக்கி வச்சிக்கிட்டு சுண்டுவெரலால கம்பிய வளைக்கான். எனக்கு ஏறின ஊசிக்கு அவன் நொண்டுறான். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

ஏறி ஏறி உச்சிக்குப் பக்கத்துல போயாச்சு. பொட்டுன்னு லைட்டு அணஞ்சிது. கிடாரு நின்னுச்சு, பேஸு நின்னுச்சு. கூட்டம் ஹோன்னுச்சு. கரண்டு போகல, நித்தீஷு காலால சுவிட்ச அமுக்கினான், முன்வரிசையில இருந்த எனக்குத் தெரிஞ்சிது. முனீசு ஒத்தையாக் கொட்டுறான். அடுத்து என்ன வரும்னு எனக்குத் தெரியும். அந்த இருட்டுல நானும் அவனும் மட்டும் இருந்தோம், அந்தச் சத்தம் நான் அவனுக்குக் குடுத்தது. அத இந்த ஆத்தப்பன் வாயில கேக்கவா நான் பஸ் ஏறி வந்தேன்? எந்திரிச்சு நின்னேன்.

"நிப்பாட்டுலே முனீசு!"

முனீசு கையி தடுமாறிச்சு. ஒரே ஒரு அடி விழல. அவனுக்கும் எனக்கும் மட்டுந்தான் அது தெரிஞ்சிருக்கும். நிப்பாட்டிருவான், எந்திரிச்சு வந்துருவான்னு நெனச்சேன். கர்த்தர் சத்தியமா நெனச்சேன். அப்பத்தான் மேடையில இருந்து ஆத்தப்பன் கத்துனான். "நிப்பாட்டாதலே முனீசு!" அந்த "லே"ய அவன் சொல்லிக் கேக்கணுமே, பாடப்புத்தகத்தப் பாத்து வாசிக்கிற மாதிரி. முனீசு அதுக்குக் கொட்டுனான். முன்ன விட ஓங்கிக் கொட்டுனான். லேப்டாப்புல இருந்து ஜெனரேட்டரு டுகுடுகுன்னுச்சு, லைட்டு வந்துச்சு, கிடாரு உறுமிச்சு. ஜனமெல்லாம் எந்திரிச்சு நின்னு கை தட்டுது. பக்கத்து சீட்டுக்காரன் என் முதுகுல தட்டி, "சூப்பருங்க, உங்களயும் செட் பண்ணி வெச்சிருந்தாங்ளா?"ங்கான்.

அதுக்கப்புறம் நான் வேலைக்குப் போகல. நாலஞ்சு நாள் கழிச்சு முனீசு ரூமுக்கு வந்தான், பெட்டி எடுக்க. உள்ள வரல, நிலையப் பிடிச்சிக்கிட்டு நின்னான். தரையப் பாத்துக்கிட்டே பேசினான்.

"பெங்களூர்க்காரங்க வந்திருந்தாங்கலே. நீ கீழ இருந்து கத்துனது ரொம்பப் பிடிச்சிப் போச்சாம். இனிமே எல்லா ஷோவுலயும் அதுவும் வேணுமாம். உன்னால வர முடியுமான்னு நித்தீஷு கேக்கச் சொன்னாப்ல. ஊரு ஊருக்குக் கூட்டிட்டுப் போவாங்க. கூட்டத்துல நின்னு அந்த ஒண்ணு மட்டும் கத்துனாப் போதும். நாம சேந்தும் இருந்த மாதிரி இருக்கும்லா."

அடிச்சிருப்பேன். கை வரல. "நான் கத்துனது ஒனக்குக் கேட்டுச்சா?"ன்னேன்.

"கேட்டுச்சு."

"எஞ்சத்தம்னு தெரிஞ்சிச்சா?"

"தெரியாம இருக்குமா ஜெபா."

"பொறவு ஏம்லே நிப்பாட்டல?"

அப்பத்தான் தலயத் தூக்கி என்னப் பாத்தான். கண்ணு ரெண்டும் செவந்து கெடந்துச்சு.

"நிப்பாட்டாதன்னு நீதானலே மொதல்ல சொன்ன"ன்னான்.

அவன் பெட்டிய நானே எடுத்து வாசல்ல வச்சேன்.